புது எலெக்ட்ரிக் கிதாரும் சென்னை வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிதார் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாற்றுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். மழைக்காலம் வந்ததும் துருவைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் இங்கே பதில் உண்டு. என் பிடிவாதம் ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நிலைக்குத் திருப்ப முடிகிற வேலைகளை முதலில் செய்யுங்கள். அறுப்பது, துளைப்பது, இழைப்பது எல்லாம் கடைசியில்தான். செய்யாமலே இருந்தால் இன்னும் நல்லது.

கிதார் வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

பெட்டியோடு ஒரு நாள் சும்மா இருக்கட்டும். குளிரூட்டிய கடையிலிருந்தோ வெயிலில் நின்ற கூரியர் வண்டியிலிருந்தோ வந்த மரம் உங்கள் அறையின் காற்றுக்குப் பழக வேண்டும். மறுநாள் சுருதி சேர்த்து, ஆறு கம்பிகளையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வாசித்துப் பாருங்கள். எங்கே கம்பி நறநறக்கிறது, எங்கே ஒலி செத்துப்போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செட்டப் செய்கிறவரிடம் 'என்னமோ சரியில்லை' என்று சொல்வதைவிட, 'மூன்றாம் கம்பி, ஒன்பதாம் ஃபிரெட்' என்று அந்தத் தாளை நீட்டுவது மேல்.

விற்பனைச் சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். உள்ளே சால்டரிங் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்று பல கம்பெனிகள் நிபந்தனை போட்டிருக்கும். கழற்றுவதற்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

செட்டப் என்பது என்ன? புதுக் கிதாருக்கும் அது தேவையா?

கழுத்து, கம்பி, பிக்கப் எல்லாவற்றையும் வாசிக்கத் தோதாகச் சரிசெய்யும் வேலைதான் செட்டப். புதுக் கிதாருக்கும் தேவை. தொழிற்சாலையில் சரியாக வைத்தது கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் இருந்து, நம் ஊர் ஈரக்காற்றில் வந்து இறங்கும்போது மாறியிருக்கும். விலை குறைந்த கிதார்களில் தொழிற்சாலையிலேயே அரைகுறையாக விட்டிருப்பதும் உண்டு. 'இந்தக் கிதார் வாசிக்க வரவில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை செட்டப் செய்த அன்றே தீர்ந்துவிடுகின்றன. பிக்கப்புக்கு எடுத்துவைத்த பணத்தில் சிறு பங்கை முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். சுருதி, அடுத்து நெக்கின் (கழுத்தின்) வளைவு, அதன் பிறகு கம்பியின் உயரம், பிறகு இன்டொனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுரம் சரியாக விழுவது), கடைசியாகப் பிக்கப்பின் உயரம். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நெக் தட்டையாக இருக்கக் கூடாது. கம்பி அதிர்வதற்கு மிக லேசான குழிவு வேண்டும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினால் கம்பி தூக்கியும் தூக்காமலும் அது உள்ளே போக வேண்டும்.

இடைவெளி அதிகமென்றால் நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கடிகாரத் திசையில் திருக வேண்டும், குறைவென்றால் எதிர்த்திசையில். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகிய பின் மீண்டும் சுருதி சேர்த்துப் பாருங்கள். அதைத் திருகும் ஆலன் கீ (அறுகோணச் சாவி) கிதாரோடு வந்ததாகவே இருக்கட்டும். சில கிதார்களுக்கு அங்குல அளவு, சிலவற்றுக்கு மில்லிமீட்டர் அளவு; கிட்டத்தட்டப் பொருந்துகிற கீயைப் போட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் அறுகோணம் வழவழவென்று தேய்ந்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவு கிதாரின் விலையையே எட்டிப் பார்க்கும். கை கடினமாக உணர்ந்தால் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கம்பியின் உயரத்தைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அளக்கலாம். மெல்லிய கம்பிப் பக்கம் ஒன்றரை மி.மீ., தடித்த கம்பிப் பக்கம் இரண்டு மி.மீ. என்று தொடங்குங்கள். பலமாக மீட்டுகிறவருக்கு இன்னும் கொஞ்சம் உயரம் தேவைப்படும்.

இன்டொனேஷன் சரியா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் டியூனரில் ஒன்றே காட்ட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் (உடலின் மேல் கம்பிகள் முடியும் இடம்) கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. பழைய கம்பியை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்வது வீண் வேலை.

கம்பி மூன்று வாரத்தில் கறுத்துவிடுகிறது. கம்பெனி சரியில்லையா?

கம்பெனியைத் திட்டுவதற்கு முன் உங்கள் கையையும் ஊரையும் பாருங்கள். எலெக்ட்ரிக் கிதாரின் கம்பிகள் எஃகு. தடித்தவற்றின் மேல் நிக்கல் பூசிய எஃகுச் சுற்று இருக்கும். வியர்வையின் உப்பும் ஈரமும் அதை அரிக்கின்றன. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் மாதிரி கடலோரத்தில் வீடு இருந்தால் வாசிக்காத நாளிலும் உப்புக்காற்று தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஜன்னல் கம்பியே நிற்காத இடத்தில் 0.009 அங்குலக் கம்பி மட்டும் எப்படி நிற்கும்?

வாசிக்கும் முன் கை கழுவித் துடையுங்கள். முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகப் பிடித்து நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதியும் பள்ளமிட்ட துண்டு) பிரிட்ஜ் வரை இழுத்துத் துடையுங்கள். பலர் மேற்பக்கத்தை மட்டும் துடைக்கிறார்கள்; துரு கம்பியின் அடிப்பக்கத்தில்தான் தொடங்குகிறது. பழைய வேட்டித் துணி இதற்கு அருமையானது. பூச்சுக் கம்பிகள் விலை கூடுதலானவை. கடலோரத்துக்காரர்களுக்கும் கை அதிகம் வியர்ப்பவர்களுக்கும் அந்தக் கூடுதல் விலை தகும். மற்றவர்கள் சாதாரணக் கம்பியை அடிக்கடி மாற்றுவதே மலிவு.

ஃபிரெட்டின் ஓரத்தில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறதே?

ஃபிரெட்டுகள் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையால் செய்யப்படுகின்றன. பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். அந்தச் செம்பும் வியர்வையும் சேர்ந்து பிடித்த களிம்புதான் இது. கம்பி மாற்றும்போது ஃபிரெட் போர்டின் மரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, ஃபிரெட்டை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். இரும்பு நூலை (ஸ்டீல் உல்) பயன்படுத்தினால் பிக்கப்புகளையும் டேப்பால் மூடுவது கட்டாயம். உதிரும் இரும்புத்தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது.

ஃபிரெட் போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

வேண்டாம். நல்லெண்ணெயும் வேண்டாம். சமையல் எண்ணெய்கள் மரத்துக்குள் சிக்கு பிடித்து வாடையடிக்கும், தூசியையும் பிடித்துவைக்கும். கிதாருக்கென்று விற்கும் எலுமிச்சை எண்ணெய் என்ற திரவத்தை இரண்டு சொட்டு துணியில் விட்டு, தேய்த்து, அதிகப்படியை உடனே துடைத்துவிடுங்கள். அதுவும் ரோஸ்வுட், கருங்காலி போன்ற பூச்சில்லாத மரங்களுக்கு மட்டும். வெளிர்நிற மேப்பிள் போர்டின் மேல் வார்னிஷ் இருக்கும்; அதற்கு ஈரமான துணியே போதும். இந்த ஊர் ஈரத்தில் ரோஸ்வுட்டுக்குக்கூட வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் எண்ணெய் தேவைப்படாது.

உலகெங்கும் கிதார்களில் பதிக்கப்படும் இந்திய ரோஸ்வுட் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரம்தான். 2017 தொடக்கத்தில் அந்த மர இனம் முழுவதும் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிதார் கம்பெனிகள் மாற்று மரம் தேடி ஓடின. 2019 இறுதியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தயாரான பல கிதார்களில் பாவ் ஃபெர்ரோ போன்ற வேறு மரங்கள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மழைக்காலத்தில் எப்படி வைத்துக்கொள்வது?

கிதாருக்கு உகந்த காற்றீரம் 45 முதல் 55 சதவீதம் என்று கையேடுகள் சொல்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அந்த எண்ணைச் சென்னையில் தேடிப் பயனில்லை. சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றை அறையில் மாட்டிப் பாருங்கள். 70-க்கு மேல் நிற்பது சாதாரணம். எலெக்ட்ரிக் கிதாரின் உடல் பெரும்பாலும் கெட்டி மரம் என்பதாலும் மேலே பாலியூரித்தேன் போன்ற பூச்சு இருப்பதாலும் அது இதைத் தாங்கும். தாங்காதது திடீர் மாற்றம். இரவெல்லாம் ஏசியில் காய்ந்து பகலெல்லாம் ஈரத்தில் ஊறும் அறைதான் நெக்கை அலைக்கழிக்கும். ஏசியின் காற்று நேராக வீசும் இடத்தில் ஸ்டாண்டை வைக்காதீர்கள்.

மழை நாட்களில் பெட்டிக்குள் பூட்டிவைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஈரம் உள்ளே போன பெட்டியின் வெல்வெட் துணியில் பூஞ்சை பிடிக்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் கிதார் பட்டையிலும் வெள்ளை படிந்திருக்கும். ஆள் புழங்கும், மின்விசிறி ஓடும் அறையில் ஸ்டாண்டில் நிற்பதே நல்லது. பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, வாரம் ஒரு முறை திறந்துவிடுங்கள். ஓதம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள். குளியலறைச் சுவருக்கும் இது பொருந்தும். பீரோவில் போடும் அந்துருண்டையைக் கிதார் பெட்டிக்குள் போடுகிறவர்கள் உண்டு. அதன் ஆவி பிளாஸ்டிக் பாகங்களுக்கும் சில வகைப் பூச்சுகளுக்கும் ஆகாது.

கிதாரின் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் என்றால் ஸ்டாண்டின் ரப்பர் அதில் கறையை உண்டாக்கும். ரப்பரின் மேல் பருத்தித் துணி சுற்றிவிடுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

தாராளமாக. எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வழவழப்பான பாலியூரித்தேன் பூச்சின் மேல் வைத்த பொட்டை அன்று மாலையே துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. நெக்கின் பின்பக்கம் மேட் பூச்சாகவோ வெறும் மரமாகவோ இருந்தால் மஞ்சளும் குங்குமமும் மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிடும். பிறகு எதற்கும் போகாது. பெட்டியின் மூடியிலோ பட்டையிலோ வைத்துவிடுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். ஈர மல்லிகைச் சரத்தைக் கம்பியின் மேல் போடாதீர்கள். பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி அன்றுதான் எடுப்பது பல வீடுகளில் வழக்கம் என்பதால், பூஜைக்கு முந்தைய நாள் புதுக் கம்பி மாட்டிவைத்தால் அது இழுபட்டு நிலைக்கவும் நேரம் கிடைக்கும்.

சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது. கீ மாற்ற வேண்டுமா?

கம்பியை முறுக்கும் கீயைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். புதுக் கம்பியை மாட்டியதும் விரலால் மெல்ல இழுத்து, சுருதி சேர்த்து, மறுபடி இழுத்து, அது இறங்காமல் நிற்கும் வரை செய்யுங்கள். கீயில் இரண்டு மூன்று சுற்றுப் போதும். எட்டுச் சுற்றுச் சுற்றியவர்களின் கிதார் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பியை வளைத்து விட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அது நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருக்கிற 2பி போதும்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது. கிதாரில் கோளாறா?

பெரும்பாலும் வீட்டின் மின் இணைப்பில் கோளாறு. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிதாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஒரு ஒயரில் இணைந்து, கேபிளின் உறை வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்துக்குப் போகின்றன. அந்தச் சட்டம் மூன்றாவது பின் வழியாக எர்த்தோடு சேர்கிறது. அதாவது கம்பியில் கை வைத்திருக்கும் நேரமெல்லாம் நீங்கள் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எர்த் சரியாக இருந்தால் அது பாதுகாப்பு. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருந்தும் பின்னால் எர்த் ஒயரே இல்லாமல் இருப்பது உண்டு. அப்போது கசிகிற மின்சாரம் உங்கள் கை வழியாகத் தரையைத் தேடும். மேடையில் இன்னும் மோசம். கிதார் ஓர் இணைப்பில், மைக் வேறோர் இணைப்பில் என்றால் பாட வாயை வைத்ததும் உதட்டில் சுரீர் என்று அடிக்கும்.

எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு என்றால் அதையும் போட்டுவிடுங்கள். இரைச்சல் குறைகிறது என்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் உள்ள வேறு எந்த அறிவுரையை மீறினாலும் கிதார்தான் கெடும். இதை மீறினால் ஆளே இருக்க மாட்டார்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் 120 வோல்ட்டுக்கானது. வெறும் பின் மாற்றியைப் போட்டு நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு அதன் கதை முடியும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஷாக் இல்லை, ஆனால் 'ம்ம்ம்' என்று இரைகிறதே?

ஒற்றைச் சுருள் பிக்கப்பின் குணம் அது. சுற்றிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அது ஆன்டெனா மாதிரி பிடிக்கிறது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை அடக்கும் ஹம்பக்கரை 1950களில் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் உருவாக்கியது இதற்காகத்தான்.

முதலில் அறையைப் பாருங்கள். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, பக்கத்தில் வைத்த கைபேசி என்று ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். மின்வெட்டின்போது மட்டும் கரகரத்தால் குற்றவாளி இன்வெர்ட்டர். சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரில் எந்த ஆம்ப்ளிஃபயரும் கத்தும். கிதாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலே இரைச்சல் பாதியாகும் இடம் ஒன்று இருக்கும். அதற்குப் பிறகும் தொல்லை என்றால், கிதாருக்குள் பிக்கப்பும் ஒயர்களும் இருக்கும் குழியில் செம்பு டேப் ஒட்டி அதை எர்த் புள்ளியோடு இணைக்கச் சொல்லுங்கள்.

பிக்கப் மாற்றினால் ஒலி நன்றாகிவிடுமா?

வேறாகும். நன்றாவது ஆம்ப்ளிஃபயரையும் கையையும் பொறுத்தது. மாற்றுவதற்கு முன் இருக்கிற பிக்கப்பின் உயரத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ஏற்றி இறக்கிப் பாருங்கள், காசு செலவில்லை. கம்பிக்கு மிக அருகில் இருந்தால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியை அலைய விடும். சற்றே இறக்கியதும் ஒலி திறந்துகொள்ளும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் என்பது வழக்கமான பொருத்தம். ரிச்சி தெருவில் கன்ட்ரோல்களும் கெபாசிட்டர்களும் சால்டரிங் சாமான்களும் கிடைக்கும். வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப்போங்கள். அமெரிக்க அளவுக் கன்ட்ரோலின் கழுத்து சுமார் 9.5 மி.மீ.; ஆசியத் தயாரிப்புக் கிதார்கள் பலவற்றின் துளை அதைவிடச் சிறியது. ரேடியோவுக்கென்று விற்பதில் நேர்கோட்டு வகையும் இருக்கும். வால்யூமுக்கு 'ஏ' என்று குறியிட்ட ஆடியோ வகையைக் கேளுங்கள்.

ஒயரை வெட்டும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் நிறங்களின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கன்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைக்க 25 வாட் அயர்ன் திணறும், 40 வாட் எடுங்கள். உடலின் மேல் தடித்த துண்டை விரித்துவிட்டு வேலை செய்யுங்கள். ஒரு சொட்டு ஈயம் விழுந்தால் பூச்சில் பள்ளம் நிச்சயம்.

கர்நாடக இசை வாசிக்க எதை மாற்ற வேண்டும்?

கருவியை இசைக்கு வளைப்பது இந்த ஊரில் பழக்கமான வேலை. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டை இரட்டையாக இருந்த கம்பிகளை எடுத்துவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பி கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில்தான் கமகங்களைக் கொண்டுவந்தார். எலெக்ட்ரிக் கிதாரிலேயே கச்சேரி செய்பவர்களில் ஆர். பிரசன்னாவின் பெயர் பலருக்கும் தெரியும்.

மெல்லிய கம்பி செட், சுற்று இல்லாத மூன்றாம் கம்பி, ச-ப-ச என்று சேர்த்த திறந்த கம்பிகள்: இவை மூன்றும் எப்போது வேண்டுமானாலும் திருப்பக்கூடியவை. சுருதியை நிறைய இறக்கினால் கம்பி தளர்ந்துவிடும். அப்போது தடித்த செட்டும் புது செட்டப்பும் வேண்டும். ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைவதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய சக்தி குழுவில் அப்படிக் குடைந்த கிதாரை வாசித்தார் என்பது உண்மை. வீணையில் மேளம் (மெட்டுகளின் வரிசை) மெழுகில் நிற்கிறது, உருக்கி மறுபடி கட்டலாம். கிதாரில் குடைந்த மரம் வளராது. ஆசை விடவில்லை என்றால் மலிவான பழைய நெக் ஒன்றில் செய்து, ஆறு மாதம் வாசித்துப் பாருங்கள்.

வேறு நிறம் அடிக்கலாமா?

புதுப்பேட்டைப் பக்கம் கார்களுக்கு அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயின்ட் கிதார் உடலிலும் நன்றாக நிற்கும். நெக் பொருந்தும் குழியை மூடாமல் அடித்துவிட்டால் பிறகு நெக் உட்காராது என்பதைப் பெயின்டரிடம் இரண்டு முறை சொல்லுங்கள், அவர் கார் பார்த்தவர். மழை மாதங்களில் வேண்டாம். ஈரக்காற்றில் லாக்கர் வெளுத்துவிடும். தை, மாசியில் கொடுங்கள்.

ஸ்கூட்டரில் கொண்டுபோகலாமா?

தடித்த பஞ்சுப் பையில், முதுகில் மாட்டி. வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

ஒன்றையும் எறியாதீர்கள், விற்கவும் வேண்டாம். பிக்கப், கீ, பிரிட்ஜ் ஒவ்வொன்றையும் அதனதன் திருகுகளோடு தனித்தனிக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதிவையுங்கள். பின்னாளில் கிதாரை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். திருகுகளைக் கலந்துவிடாதீர்கள்; பிக்கப் திருகும் பிக்கார்டு (உடலின் மேலுள்ள பிளாஸ்டிக் தகடு) திருகும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிப் போட்டால் மரத்தின் புரி போய்விடும். அப்படிப் போன துளையில் பல்குத்தும் குச்சியை மரப்பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டுத் திருகினால் பிடித்துக்கொள்ளும்.